கோணல் எழுத்தின் கணக்கு

2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள். ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் உலகமே காத்திருந்த ஒரு செய்தி அறிவிக்கப்பட்டது. ஹிக்ஸ் போசான் என்று இயற்பியலார் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தேடி வந்த துகளுடன் பொருந்தும் புதிய துகள் ஒன்று கண்டறியப்பட்டுவிட்டது என்பதே அந்தச் செய்தி. அட்லஸ் சோதனைக் குழுவின் சார்பில் பேசியவர் ஃபாபியோலா ஜியானோட்டி என்ற அம்மையார். அவர் திரையில் காட்டிய வரைபடங்கள் மிகக் கடினமானவை. ஆனால் அவற்றின் ஓரங்களில் இருந்த சொற்கள், குழந்தைகளின் பிறந்தநாள் அழைப்பிதழில் காணும் துள்ளலான கோணல் எழுத்தில் இருந்தன! துகளைப் பற்றிப் பேச வேண்டிய பலர் அன்று அந்த எழுத்தைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். அவ்வெழுத்தின் பெயர் காமிக் சான்ஸ். அம்மையாரோ பின்னர், 2016-இல், செர்ன் நிலையத்தின் தலைமை இயக்குநராகவே பொறுப்பேற்றார். செர்னும் சும்மா இருக்கவில்லை. 2014 ஏப்ரல் முதல் தேதியன்று, இனி எங்கள் வெளியீடுகள் யாவும் காமிக் சான்ஸில்தான் என்று அறிவித்து உலகை ஒரு நாள் ஏமாற்றியது.

மாணவர்களே, இப்படிப்பட்ட விளையாட்டு எழுத்துகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். வகுப்பறைச் சார்ட்டுகள், கண்காட்சிப் பலகைகள், வாழ்த்து அட்டைகள், கைவேலைப் பொருள்கள் எல்லாவற்றிலும் இவை குடியேறிவிட்டன. கையால் எழுதியது போல் இருக்கும். ஆனால் எழுதியது கை அன்று, அச்சுப்பொறி. பார்ப்பதற்குக் கட்டுப்பாடே இல்லாத இந்த எழுத்தின் பின்னால் எவ்வளவு கட்டுப்பாடு ஒளிந்திருக்கிறது என்று காண்போமா?

நாய் பேசிய எழுத்து

முதலில் காமிக் சான்ஸ் பிறந்த கதை. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வின்சென்ட் கொனேர் என்ற எழுத்து வடிவமைப்பாளர் பணியாற்றி வந்தார். கணிப்பொறியைக் கண்டு அஞ்சுவோருக்காக அந்நிறுவனம் ‘பாப்’ என்றொரு மென்பொருளை அப்போது தயாரித்துக்கொண்டிருந்தது. அதில் ரோவர் என்ற நாய் ஒன்று திரையில் தோன்றி, பேச்சுக் குமிழிகள் வாயிலாக வழி சொல்லும். ஆனால் நாய் பேசிய சொற்கள் டைம்ஸ் நியூ ரோமன் என்ற செய்தித்தாள் எழுத்தில் இருந்தன. வாலாட்டும் நாய் தலையங்கம் வாசித்தால் எப்படி இருக்கும்! கொனேருக்கு அது பொருந்தவில்லை. தம்மிடமிருந்த படக்கதைப் புத்தகங்களைப் பிரித்து, அவற்றின் குமிழிகளில் கையால் எழுதப்பட்டிருந்த எழுத்துகளை நோக்கினார். அவற்றைப் படியெடுக்காமல், அந்தச் சாயலில் திரையிலேயே புதிதாக வரைந்தார்.

சோகம் என்னவென்றால், அந்த நாய் கடைசிவரை அவ்வெழுத்தில் பேசவே இல்லை. புதிய எழுத்து பழையதைவிடச் சற்று அகலம், குமிழிகளுக்குள் அடங்கவில்லை, அளவுகளை மாற்ற நேரமும் இல்லை. பாப் 1995-இல் வெளிவந்து விரைவில் மறைந்தும் போயிற்று. எழுத்து மட்டும் விண்டோஸ் 95-உடன் தனியே விற்கப்பட்ட ஒரு தொகுப்பில் இடம்பிடித்து, உலகெங்கும் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்துவிட்டது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளுள் முதலாவதான ‘ஏ’யை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தில் அதற்குத் தலைமேல் ஒரு வளைவு உண்டு. நீங்கள் நோட்டில் எழுதும்போது அந்த வளைவு இல்லை. காமிக் சான்ஸில் நோட்டு வடிவமே இருக்கிறது. எழுதப் பழகும் குழந்தைக்கு இது தெரிந்த முகம். ஆசிரியர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. மருத்துவமனை அறிவிப்புகளிலும் எச்சரிக்கைப் பலகைகளிலும் அதைப் போட்டவர்கள்தாம் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர்கள் என்பது என் கருத்து.

ஆணியும் நூலும்

இனி, ஓர் எழுத்து கணிப்பொறிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். புகைப்படமாக அன்று. புகைப்படமாக இருந்தால் பெரிதாக்கும்போது படிக்கட்டு படிக்கட்டாக உடையும். எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தின் எல்லைக்கோடும் சில புள்ளிகளின் ஆயத்தொலைவுகளாகச் சேமிக்கப்பட்டுள்ளது. எழுத்து என்பது உண்மையில் ஓர் எண் பட்டியல்!

எண்களிலிருந்து வளைவு எப்படி வரும்? வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். (0,0), (4,8), (8,0) என்று மூன்று புள்ளிகளைக் குறித்து, முதலதை இரண்டாவதோடும் இரண்டாவதை மூன்றாவதோடும் நேர்கோட்டால் இணையுங்கள். கூடாரம் போல் தோன்றும். இடப்பக்கக் கோட்டைக் கீழிருந்து மேலாக நான்கு சம பாகமாக்கினால் (1,2), (2,4), (3,6) கிடைக்கும். வலப்பக்கக் கோட்டை உச்சியிலிருந்து கீழாகப் பிரித்தால் (5,6), (6,4), (7,2). இனி முதலாவதை முதலாவதோடும், இரண்டாவதை இரண்டாவதோடும், மூன்றாவதை மூன்றாவதோடும் கோடிட்டு இணையுங்கள். கோடுகள் மூன்றும் நேரானவையே. ஆனால் அவற்றுக்கு உட்புறமாக ஒரு வளைவு எட்டிப் பார்க்கும். அது (2,3), (4,4), (6,3) ஆகிய புள்ளிகளின் வழியே செல்லும். பாகங்களை நான்குக்குப் பதில் பதினாறாக்கினால் வளைவு இன்னும் தெளிவாகும். அட்டையில் துளையிட்டு வண்ண நூல் கோத்துச் செய்யும் கைவேலை ஒன்று உண்டல்லவா, நேர் நூல்களிலிருந்து வளைவு பிறக்குமே, அதுவேதான் இது!

இந்த வளைவுக்குப் பெஸியே வளைவு என்று பெயர். பிரான்சு நாட்டின் ரெனோ மோட்டார் தொழிற்சாலையில் பணியாற்றிய பியேர் பெஸியே 1960-களில் கார்களின் உடற்பகுதியை வடிவமைக்க இதைப் பயன்படுத்தினார். போட்டி நிறுவனமான சித்ரோயெனில் பால் தெ காஸ்தெல்ஜோ என்பவர் 1959-லேயே இதே பொருளில் வேலையைத் தொடங்கியிருந்தார். ஆனால் நிறுவனம் அதை இரகசியமாக வைத்திருந்ததால் பெயர் பெஸியேக்குப் போய்விட்டது. நாம் மேலே வரைந்த மூன்று புள்ளி வளைவைத்தான் 1991-இல் வெளிவந்த ட்ரூடைப் எழுத்துருக்கள் பயன்படுத்துகின்றன. அதாவது, கார் கதவின் வளைவும் காமிக் சான்ஸின் வளைவும் ஒரே குடும்பம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எழுத்துருவில் இருப்பது பேனா சென்ற பாதை அன்று. மைக்கோட்டின் வெளி விளிம்பு. ‘ட’ எழுத்துக்கு ஒரே விளிம்பு போதும். ‘ம’வுக்குப் போதாது. அதன் வயிற்றில் ஒரு மூடிய வெளி இருக்கிறதே, அதற்குத் தனி விளிம்பு வேண்டும். ட்ரூடைப் எழுத்துருவில் வெளி விளிம்பை வலஞ்சுழியாகவும் உள் விளிம்பை இடஞ்சுழியாகவும் வரைவார்கள். திசையைப் பார்த்துத்தான் எங்கே மை நிரப்புவது, எங்கே வெற்றிடம் விடுவது என்று பொறி அறிந்துகொள்கிறது. கத்தரிக்கோலை எடுக்கும்போது இந்த உள் விளிம்பு மறுபடி நம் வழியில் குறுக்கிடும்.

‘அம்மா’ காட்டிக்கொடுக்கிறாள்

நீங்கள் ஒரு தாளில் ‘அம்மா’ என்று பத்து முறை எழுதிப் பாருங்கள். இருபது மகரங்களில் எந்த இரண்டும் அச்சாக ஒன்று போல் இரா. உண்மையான கையெழுத்தின் அடையாளமே இதுதான். ஆனால் எழுத்துருவில் ஒரு ‘ம’ தான் இருக்கிறது. எத்தனை முறை அழைத்தாலும் அதே கோணல், அதே நெளிவு. ஒரு முறை பார்த்தால் குறும்பாகத் தோன்றும் கோணல், இருபதாவது முறை அதே இடத்தில் அதே அளவில் வந்தால் கண்ணுக்கு எரிச்சலூட்டும். நேரான எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது கையெழுத்து என்று சொல்லிக்கொள்வதே இல்லையே!

இதற்கு மாற்று தேடியவர்கள் உண்டு. 1990-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த எரிக் வான் பிளாக்லண்ட், யுஸ்ட் வான் ரோஸம் என்ற இரு இளைஞர்கள் ‘பேவுல்ஃப்’ என்ற எழுத்துருவை வெளியிட்டார்கள். அச்சிடும்போது அதன் விளிம்புப் புள்ளிகள் தாறுமாறாகச் சிறிது நகரும். ஆகவே ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு முறையும் வேறாக அச்சாகும். இன்று வழக்கிலுள்ள ஓப்பன்டைப் முறையில் வேறு உபாயம் உண்டு. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வரைந்து வைத்துவிட்டு, ‘பக்கத்தில் இதே எழுத்து வந்தால் அடுத்த வடிவத்தை எடு’ என்று விதி எழுதிவிடுகிறார்கள். கவனக்குறைவாகத் தோன்றுவதற்குக்கூட விதி வேண்டியிருக்கிறது பாருங்கள்.

தமிழில் இந்தச் சிக்கல் ஆங்கிலத்தைவிடக் கூர்மையானது. நம் மொழியில் ஒற்று இரட்டிப்பது மிகுதி. பட்டம், தத்தை, அப்பா, கண்ணன் என எங்கு பார்த்தாலும் ஒரே மெய் அடுத்தடுத்து நிற்கிறது. இரட்டைப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒற்றுமை உடனே தெரிந்துவிடும் அல்லவா? ஆனால் தமிழிலேயே இதற்கு மருந்தும் இருக்கிறது. இரட்டிப்பில் முன்னது எப்போதும் புள்ளி பெற்றது. பின்னது புள்ளி இல்லாதது. ஆகவே எழுத்துரு செய்கிறவர் ‘ம’வை வரைந்து அதன் தலையில் புள்ளியை ஒட்டி ‘ம்’ என்று காட்டாமல், ‘ம்’ என்பதைத் தனியே இன்னொரு முறை கையால் எழுதிச் சேர்த்தால் போதும். கூடுதல் வேலை 18 எழுத்துகள் மட்டுமே. ‘அம்மா’ உயிர் பெற்றுவிடுவாள்.

மொத்தம் எத்தனை எழுத வேண்டும்? 247 என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி என்று தனியாக நிற்பவை 4. கு, கூ முதலியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முடிவதால் 36-ஐயும் எழுதியே தீர வேண்டும். கி, கீ வரிசைகள் 36, புள்ளி எழுத்துகள் 18. கூட்டினால் 125. இத்துடன் ஜ, ஸ போன்றவையும் எண்களும் நிறுத்தக்குறிகளும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் முன்பு என்றால் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும். அப்போது மாறிய 13 எழுத்துகளில் தும்பிக்கை போல் வளைந்த பழைய ‘லை’யும் ஒன்று, உங்கள் பாட்டியின் கடிதங்களில் அதைக் காணலாம். ஒரு குடும்பப் பெரியவரின் கையெழுத்தை எழுத்துருவாகச் செய்தால் அந்த வடிவத்தைத் திருத்தாமல் அப்படியே விடுவதுதான் நியாயம் என்பேன். தமிழில் ஆயத்தமாகக் கிடைக்கும் கையெழுத்துச் சாயல் எழுத்துருக்களில், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவனார்’ குறிப்பிடத்தக்கது. அது திறந்த உரிமம் கொண்டது. பள்ளிப் பணிகளுக்குத் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

கடைசி பெஞ்சுக்குத் தெரியுமா?

அழகு இருக்கட்டும். சார்ட் சுவரில் தொங்குகிறது. கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு அதைப் படிக்க முடிகிறதா? இதைக் கணக்கிட்டே சொல்லலாம்.

கண் மருத்துவர் அறையில் எழுத்துப் பலகை பார்த்திருப்பீர்கள். 1862-இல் நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மான் ஸ்நெல்லன் உருவாக்கியது அது. நல்ல பார்வை உள்ளவர் படிக்கக்கூடிய எழுத்து, கண்ணில் 5 கலை அளவுள்ள கோணத்தை உண்டாக்க வேண்டும் என்று அவர் கொண்டார். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. அந்த எழுத்தின் ஒவ்வொரு கோடும் ஒவ்வோர் இடைவெளியும் 1 கலை. ஆங்கில ‘இ’ பெரிய எழுத்தில் மூன்று கோடு, இரண்டு இடைவெளி; ஆக ஐந்து. கடைசி பெஞ்சு 8 மீட்டர் தொலைவில் இருந்தால் 1 கலைக்கு 2.3 மில்லிமீட்டர், அந்த ‘இ’ சுமார் 12 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்.

இப்போது நம் ‘ண’வை எடுங்கள். அதன் குறுக்கே படுக்கையாக ஒரு கோடு இழுத்து, மையை எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஐந்து இடம் என்றால், ஐந்து கோடும் நான்கு இடைவெளியுமாக ஒன்பது. 8 மீட்டரில் அதற்கு 21 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். ஆங்கிலச் சார்ட்டுக்குச் சொல்லப்படும் அளவுகளைத் தமிழுக்கு அப்படியே கொள்ளக்கூடாது என்பது இதனால் விளங்கும். அன்றியும் இது பார்வையின் கடைசி எல்லை. மங்கல் வெளிச்சம், கண்ணாடி போடாத நண்பர் இவற்றையெல்லாம் எண்ணி இரு மடங்காவது வையுங்கள். கோட்டுத் தடிமனையும் மறக்க வேண்டாம். சாதாரண ஸ்கெட்ச் பேனாவின் கோடு சுமார் 1 மில்லிமீட்டர்தான். கையெழுத்து எழுத்துருக்கள் பலவும் இப்படி மெலிந்தவையே. அவை வாழ்த்து அட்டைக்கு அழகு. எட்டு மீட்டருக்கு உதவா.

கணிப்பொறியில் ‘72 புள்ளி’ என்று தேர்ந்தெடுத்தால் எழுத்து ஓர் அங்குலம் உயரம் இருக்கும் என்று எண்ணாதீர்கள். 72 புள்ளி ஓர் அங்குலம் என்பது சரியே. ஆனால் அது எழுத்தின் உயரம் அன்று. பழைய ஈய அச்சில் எழுத்தைத் தாங்கி நின்ற கட்டையின் உயரம். இன்று ஈயம் போய்விட்டது, கணக்கு நிற்கிறது. மேலே எழும் கொக்கிக்கும் கீழே இறங்கும் வாலுக்கும் அதில் இடம் விடுவதால் ‘க’வின் உடல் அதைவிடக் குறைவாகவே இருக்கும், எவ்வளவு குறைவு என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஒரு தாளில் அச்சிட்டு அளவுகோலால் அளந்து பார்ப்பதே வழி.

அளவு சரியாக இருந்தும் எழுத்து ஏமாற்றக்கூடும். விளையாட்டு எழுத்தில் ‘ர’வின் கால் சாய்வு குறைந்தால் அது துணைக்கால் ஆகிவிடும். ‘ஏ’யின் கீழ்க்கோடு தேய்ந்தால் ‘எ’. ‘மு’வும் ‘ழு’வும் மயங்கும். துள்ளிக் குதித்த புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். சார்ட்டைத் தொங்கவிடும் முன், பொருளற்ற சொற்கள் பத்தை, ‘ரமுழு’, ‘எணேன்’ என்பது போல, அந்த எழுத்தில் அச்சிட்டுக் கடைசி பெஞ்சு நண்பரை வாசிக்கச் சொல்லுங்கள். பொருளுள்ள சொல் என்றால் அவர் ஊகித்துவிடுவார். பொருளற்ற சொல்லில் ஊகம் செல்லாது.

வாசிப்பில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்குக் காமிக் சான்ஸ் நல்லது என்று சொல்லப்படுவதுண்டு. பிரிட்டனின் டிஸ்லெக்சியா சங்கம் அதை ஏரியல் எழுத்துடன் சேர்த்துப் பரிந்துரைக்கிறது. காரணம், எழுத்துகள் நெருக்கமின்றித் தோன்றுவது. இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடத்தி 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விட்டபோது அவர்கள் விரைவாகவும் பிழை குறைவாகவும் வாசித்தார்கள். ஆகவே எழுத்துருவைத் தேடி அலைவதைவிட இடைவெளியைக் கூட்டுவது மலிவான வைத்தியம். இதற்கு நேர்மாறாக, படிக்கக் கடினமான எழுத்தில் தந்தால் பாடம் நன்றாக நினைவில் நிற்கும் என்று அமெரிக்காவில் 2011-இல் ஓர் ஆய்வு கூறிற்று. சாம்பல் நிறத்தில் மங்கலாக அச்சிட்ட காமிக் சான்ஸும் அதில் சோதிக்கப்பட்டது. கேட்பதற்குச் சுவையான செய்திதான். ஆனால் பின்னர் வேறு பலர் இத்தகைய சோதனைகளைச் செய்தபோது அந்தப் பயன் உறுதிப்படவில்லை. உங்கள் நோட்டைக் கிறுக்கலாக வைத்திருப்பதற்கு அதைச் சான்று காட்டாதீர்கள்!

கத்தரிக்கோல் பாடம்

கைவேலைக்கு வருவோம். அச்சிட்ட எழுத்தை அட்டையில் ஒட்டி வெட்டுவது இரண்டு வகை. எழுத்தையே வெட்டி எடுத்துப் பலகையில் ஒட்டுவது ஒன்று. எழுத்தின் வடிவில் ஓட்டை போட்டு, அதன் மேல் வண்ணம் தடவும் ஸ்டென்சில் மற்றொன்று.

ஸ்டென்சிலில்தான் அந்த உள் விளிம்பு நம்மைப் பிடித்துக்கொள்ளும். ‘ம’வின் ஓட்டையை வெட்டி முடித்ததும், நடுவில் இருந்த வெற்றிடத் துண்டைத் தாங்க எதுவும் இல்லாமல் அது கீழே விழுந்துவிடும். வண்ணம் தடவினால் ஒரு பெரிய கறைதான் மிஞ்சும். ட, ப, ய ஆகியவற்றில் மூடிய வெளி இல்லை. அவற்றால் தொல்லை இல்லை. சுழி உள்ள எழுத்துகளுக்கெல்லாம், உள் துண்டையும் வெளி அட்டையையும் இணைக்க 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாலம் விட வேண்டும். சுழி முழுதும் மூடாமல் சிறிது வாய் திறந்திருக்கும் கையெழுத்து எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால், அந்த வாயே பாலம்! இங்கே மட்டும் கவனமற்ற கையெழுத்து, திருத்தமான அச்சை வென்றுவிடுகிறது.

எழுத்தையே வெட்டி எடுக்கும்போது நிலைமை தலைகீழ். சுழியின் உட்பகுதி விழ வேண்டியதுதான், விழட்டும். இப்போது தனியாகப் பிரிந்து போவது மெய்யெழுத்தின் புள்ளி. வெட்டும்போதே புள்ளிகளை எண்ணி ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வையுங்கள். ‘தமிழ் மன்றம்’ என்று ஒட்ட மூன்று புள்ளி வேண்டும்.